வீடு தேடி வரும் மருத்துவம் கழிப்பறையையும் பார்க்கட்டும்

வயதானவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், 'பார்த்து நடந்திருக்கக் கூடாதா' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் நேரும் சாவுகளில், சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். சாலை விபத்தைத் தடுப்பது அரசின் கடமை என்கிறோம். இதை மட்டும் வீட்டு விவகாரம் என்று ஒதுக்குவது எந்த நியாயம்?

விழாமல் தடுக்க முடியும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. உடற்பயிற்சி செய்யும் முதியவர்கள் விழுவது 23 சதவீதம் குறைகிறது என்கிறது 2019-ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. பெரிய பயிற்சி ஒன்றுமில்லை: கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, சுவரோரம் நின்று குதிகாலை உயர்த்துவது போன்றவைதான். நம் வீடுகளிலோ பாசத்தின் பேரால் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. 'நீங்க சும்மா உட்காருங்க' என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்கிறோம். தொடைத் தசை வற்றுகிறது, விழும் அச்சத்தில் நடை இன்னும் சுருங்குகிறது. வீட்டைச் சீர்செய்வதும் பலன் தரும். நியூசிலாந்தின் தாரனாக்கி பகுதியில் கைப்பிடிக் கம்பி, வெளிவிளக்கு, வழுக்காத படி ஆகியவற்றை அமைத்துக் கொடுத்த வீடுகளில், விழுந்து அடிபடுவது 26 சதவீதம் குறைந்தது.

தமிழ்நாட்டில் இதற்கான கால்கள் ஏற்கெனவே வீட்டு வாசல்வரை வருகின்றன. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்த மாத்திரையைக் கொண்டுவருகிறது, இயன்முறை சிகிச்சையும் தருகிறது. அந்த மாத்திரையால் எழுந்து நிற்கும்போது கிறுகிறுக்கிறதா என்று கேட்டு மருத்துவரிடம் சொல்வதும், ஈரம் காயாத கழிப்பறைப் படியை ஒரு முறை பார்ப்பதும் அதே வருகையில் முடியும். ஊழியர்களுக்கு இருக்கும் சுமை போதாதா என்பார்கள். அது உண்மை, கூடுதல் ஆளும் ஊதியமும் இல்லாமல் இதைச் சுமத்தக் கூடாது. அமெரிக்காவில் 2020-இல் வெளியான பெரிய ஆய்வில், செவிலியர்கள் ஆபத்துகளைக் கணித்துத் திட்டம் வகுத்துக் கொடுத்தும் கடுங்காயங்கள் குறிப்பிடும்படி குறையவில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். குறித்துக் கொடுப்பதோடு நின்றால் போதாது என்பதையே அது காட்டுவதாக நினைக்கிறேன். பயிற்சியை வாரந்தோறும் உடனிருந்து செய்விக்க ஆள் வேண்டும். கம்பியைச் சுவரில் பதிக்கக் கொத்தனாருக்குக் கூலி வேண்டும். அந்தச் செலவை உள்ளாட்சிகளின் நிதியில் சேர்க்கலாம். 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் இனி கட்டும் வீடுகளுக்கோ, வரைபடத்திலேயே கழிப்பறைக் கைப்பிடியைச் சேர்த்துவிடலாம்.