ஓர் உறுப்பினரின் கனம்



"நம் ஒரு வாக்கினால் என்ன ஆகிவிடப் போகிறது? நம் பகுதியிலிருந்து ஒருவர் வென்று சட்டமன்றம் சென்றால்தான் என்ன? அத்தனை பேர் நடுவே அவருடைய குரல் எடுபடவா போகிறது?" தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் இல்லங்களில் தவறாமல் எழுகின்ற பேச்சு இது. பெரியவர்கள் பெருமூச்சோடு சொல்வார்கள். இளையவர்கள் அலட்சியத்தோடு சொல்வார்கள். இருவரும் வாக்குச்சாவடிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

இந்தப் பேச்சு சரிதானா என்று உரைத்துப் பார்க்க நல்லதோர் உரைகல் நமக்கு அருகிலேயே இருக்கிறது. அதுதான் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் சட்டமன்றம். ஒரு கட்சி தனித்து நின்று ஆள்வது அங்கே மிக அரிது. பல கட்சிகள் கூடி ஆண்டதும், கூடியவை பிரிந்ததும், பிரிந்தவை மீண்டும் இணைந்ததுமே அதன் வரலாறு. ஆகவே, ஓர் உறுப்பினருக்கு என்ன கனம் உண்டு என்பதைத் துல்லியமாக நிறுத்துக் காட்டும் தராசாக அம்மன்றம் விளங்குகிறது.

முதற்கண் 1957-ஆம் ஆண்டை நோக்குவோம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் பிறந்த அம்மாநிலத்தில் நடைபெற்ற முதல் தேர்தல் அது. தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய உறுப்பினர்கள் 126 பேர். அவர்களுள் கம்யூனிஸ்டுக் கட்சியினர் 60 பேரும், அக்கட்சியின் ஆதரவு பெற்ற சுயேச்சைகள் ஐவரும் வென்றனர். ஆட்சி அமைக்க 64 பேர் தேவை. அவர்களிடம் இருந்தவர்களோ 65 பேர். அந்த மெல்லிய நூலில்தான் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் அமைச்சரவை தொங்கிக்கொண்டிருந்தது.

இந்நிலையில் தேவிகுளம் தொகுதியில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. 1958-இல் அங்கே இடைத்தேர்தல் வந்தது. அம்மலைப் பகுதியின் தேயிலைத் தோட்டங்களில் உழைப்போருள் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதை நாம் அறிவோம். கொழுந்து பறித்துச் சிவந்த கைகள் இட்ட வாக்குகளால் ஓர் அமைச்சரவையின் உறுதி நிர்ணயிக்கப்படும் காலம் வந்தது. நாடே அந்தத் தொகுதியைக் கூர்ந்து நோக்கியது. ரோசம்மா மீண்டும் வென்றார், அமைச்சரவையும் நிலைத்தது. பின்னர் 1959 ஜூலை 31-இல் மத்திய அரசு அவ்வாட்சியைக் கலைத்தது. மன்றத்தில் பெரும்பான்மை இழந்து அது கவிழவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

எனில், ஓர் உறுப்பினர் எப்போதும் கனமானவர்தாமா? அதுவும் இல்லை. அவரின்றி மன்றத்தால் இயங்க முடியுமா, முடியாதா என்பதைப் பொறுத்தே அவருடைய கனம் கூடுகிறது, குறைகிறது. 1960-ஆம் ஆண்டுத் தேர்தல் இதற்குத் தக்க சான்று. அத்தேர்தலில் காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்டுக் கட்சி, முஸ்லிம் லீக் ஆகிய மூன்றும் தோழமை பூண்டு நின்றன. காங்கிரஸ் 63, பிரஜா சோஷலிஸ்டு 20, லீக் 11 எனப் பெருவெற்றி கிட்டியது. ஆனால் கணக்கைப் பாருங்கள்! 63-உம் 20-உம் சேர்ந்தால் 83. லீகின் 11 பேர் இல்லாமலே ஆட்சி நடக்கும். விளைவு என்ன? லீகிற்கு அமைச்சரவையில் இடமில்லை. சபாநாயகர் பதவி மட்டும் மர்ஹூம் கே.எம். சீதி சாஹிப் அவர்களுக்கு அளிக்கப்பட்டது. மரியாதைக்குரிய பதவிதான், ஆனால் கோப்புகளில் கையெழுத்திடும் அதிகாரம் அதில் இல்லை.

ஏழாண்டுகள் கழிந்தன. 1967-இல் மார்க்சிஸ்டுக் கட்சி 133 இடங்களுள் 52-ஐப் பெற்றது. பெரும்பான்மைக்கு 67 பேர் வேண்டும். தனித்து ஆள வழியில்லை. ஏழு கட்சிகள் கொண்ட கூட்டணி ஆட்சியில் அமர்ந்தது. அப்போது லீகின் உறுப்பினர்கள் 14 பேர். 1960-ஐ விட மூவரே கூடுதல். ஆனால் இம்முறை இருவர் அமைச்சராயினர். கல்வித் துறை மர்ஹூம் சி.எச். முஹம்மது கோயா சாஹிப் அவர்களிடம் வந்தது. 1968-இல் கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. 1969-இல் மலப்புறம் மாவட்டம் பிறந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் லீகும் வேறு சில கட்சிகளும் விலகவே, அந்த அமைச்சரவை வீழ்ந்தது. முன்பு 11 பேர் பெற முடியாததைப் பின்னர் 14 பேர் பெற்றனர் என்றால், அம்மாற்றத்தை மூன்று ஆட்கள் செய்துவிடவில்லை. மன்றத்தின் அமைப்பே செய்தது.

உறுப்பினரின் கனம் முற்றிலும் இல்லாமலே போன ஆண்டும் ஒன்றுண்டு. 1964-இல் காங்கிரஸிலிருந்து 15 உறுப்பினர்கள் பிரிந்து ஆர். சங்கரின் அமைச்சரவையைக் கவிழ்த்தனர். அதன் பின் 1965-இல் தேர்தல் நடந்தது. 133 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆனால் எந்தக் கட்சிக்கும் 67 இல்லை. மிகுதியாகப் பெற்ற மார்க்சிஸ்டுக் கட்சிக்கே 40 இடங்கள்தாம். அவர்களிலும் பலர் அப்போது சிறையில் இருந்தனர். யாரும் யாரோடும் ஒத்துப்போகவில்லை. முடிவில் ஒரு நாள்கூடக் கூடாமலே அம்மன்றம் கலைக்கப்பட்டது! மக்கள் வரிசையில் நின்று வாக்களித்ததும், வேட்பாளர்கள் ஊர் ஊராக அலைந்ததும் வீணாயின. ஒத்துப்போகும் மனம் இல்லாவிடில் எண்ணிக்கை வெறும் எண்ணிக்கையாகவே நின்றுவிடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி, தராசின் முள் நடுவில் நின்று நடுங்கிய காலத்திற்கு வருவோம். 1977 முதல் கேரளச் சட்டமன்றத்தின் இடங்கள் 140. 1979 அக்டோபர் 12-இல் சி.எச். சாஹிப் அவர்கள் முதலமைச்சரானார். தோழமைக் கட்சி ஆதரவை விலக்கிக்கொண்டதால் டிசம்பர் 1-ஆம் நாளே பதவி விலக நேர்ந்தது. அடுத்து 1981 டிசம்பர் இறுதியில் கே. கருணாகரன் அமைத்த அமைச்சரவை இன்னும் விந்தையானது. மன்றத்தில் இரு தரப்பும் சமமாக நின்றன. நம் அரசியல் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி சபாநாயகர் முதலில் வாக்களிக்கக் கூடாது; இரு பக்கமும் சமமாகும்போது மட்டும் தம் வாக்கை அளித்து முடிவு செய்யலாம். அந்த ஒற்றை வாக்கைச் சபாநாயகர் ஏ.சி. ஜோஸ் மீண்டும் மீண்டும் அளித்தே அமைச்சரவையைக் காத்து வந்தார். 1982 மார்ச்சில் லோனப்பன் நம்பாடன் என்னும் ஓர் உறுப்பினர் ஆதரவை விலக்கினார். அவ்வளவுதான், ஆட்சி வீழ்ந்தது! ஓர் ஆள் நின்றதால் நின்ற ஆட்சி, ஓர் ஆள் நகர்ந்ததால் விழுந்தது.

வாசக அன்பர்களே, இங்கே ஒரு வினா எழுவது இயல்பு. ஓர் ஆளுக்கு இவ்வளவு வலிமை இருப்பது நன்மையா, தீமையா? இரண்டுமே ஆகலாம். தொகுதி மக்களின் நியாயமான கோரிக்கைக்காக அவ்வலிமை பயன்பட்டால் அது நன்மை. பதவிக்கும் பணத்திற்கும் விலைபோனால் அதனினும் கேடு வேறில்லை. நாடெங்கும் உறுப்பினர்கள் கட்சி மாறிய அவலத்தைக் கண்டே 1985-இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. கட்சியிலிருந்து தாமாக விலகினாலோ, கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறி வாக்களித்தாலோ உறுப்பினர் பதவி பறிபோகும் என்று அது விதித்தது. மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து பிரிந்தால் தப்பலாம் என்றிருந்த ஓட்டையும் 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அடைக்கப்பட்டது. அமைச்சர்களின் எண்ணிக்கை பொதுவாக மன்றத்தின் மொத்த எண்ணிக்கையில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் அத்திருத்தம் வரம்பு கட்டியது. 140 பேர் கொண்ட மன்றத்திற்கு அது 21 பேர். பதவி காட்டி ஆள் பிடிப்பது அதனால் ஓரளவு கடினமாயிற்று.

இதன் பயனை 2011-இல் காண்கிறோம். அத்தேர்தலில் ஐக்கிய ஜனநாயக முன்னணி 72 இடங்களையும், இடது ஜனநாயக முன்னணி 68 இடங்களையும் பெற்றன. 1982-இன் அனுபவத்தை நினைத்தவர்கள் இவ்வாட்சி சில மாதங்களே தாங்கும் என்று கணித்தனர். அமைச்சர் டி.எம். ஜேக்கப் காலமானபோது கவலை மேலும் கூடியது. அவர் பிறவம் தொகுதியில் வென்றதே 157 வாக்குகளில்தான்! எனினும் 2012-இல் நடந்த இடைத்தேர்தலில் அவருடைய மகன் வென்றார். உம்மன் சாண்டியின் அமைச்சரவை ஐந்தாண்டுகளையும் நிறைவு செய்தது.

ஆனால் சட்டத்தின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. மனச்சாட்சி வேறு சொன்னாலும் கொறடாவின் கட்டளைக்கு மாறாக வாக்களிக்க உறுப்பினர் அஞ்ச வேண்டிய நிலை இன்றிருக்கிறது. எனவே, "ஆள் நல்லவர், கட்சியைப் பற்றி நமக்கென்ன?" என்று வாக்களிப்பது நிறைவான முடிவாகாது. அவர் மன்றத்தில் கை உயர்த்துவது பெரும்பாலும் கட்சி சொன்னபடிதான். அவ்வாறே, "கட்சி நல்லது, ஆள் எவராயினும் ஆகட்டும்" என்பதும் பொருந்தாது. விலைபோகும் ஆளைச் சட்டம் தண்டிக்கலாமே தவிர, நேர்மையுள்ளவராக ஆக்க இயலாது. இரண்டையும் சேர்த்து எடைபோடுவதே வாக்காளரின் கடமை.

அந்த உறுப்பினர் மன்றத்திற்குள் போவதும் போகாததும் எங்கே முடிவாகிறது? நம் வீட்டு வாசலில்தான். 2016-இல் மஞ்சேஸ்வரம் தொகுதியில் லீகின் பி.பி. அப்துல் ரஸாக் வென்றது 89 வாக்குகளில். இறந்தோர் பெயரிலும், வெளிநாட்டில் இருந்தோர் பெயரிலும் வாக்குகள் பதிவாயின என்று தோற்றவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது; 2018-இல் அவ்வுறுப்பினர் காலமானார்; பின்னர் வழக்கு திரும்பப் பெறப்பட்டது. 2021-இல் பெரிந்தல்மண்ணாவில் அதே கட்சியின் நஜீப் காந்தபுரம் வென்றது வெறும் 38 வாக்குகளில். அங்கே முந்நூற்றுக்கும் மேற்பட்ட தபால் வாக்குகள், உரிய கையொப்பம் முதலிய விவரங்கள் இல்லை என்னும் காரணத்தால் எண்ணப்படவே இல்லை. அதன் மீதும் வழக்கு எழுந்து, 2024-இல்தான் உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. 38 வாக்குகள் என்பது எவ்வளவு? ஒரு தெருவில் பத்து வீடுகளின் வாக்குகள்!

இவற்றினின்று நம் குடும்பங்கள் கற்க வேண்டியவை தெளிவானவை. வீட்டில் 18 வயது நிரம்பிய பிள்ளைகளின் பெயர் பட்டியலில் ஏறிவிட்டதா என்று பாருங்கள். மணமாகிப் புகுந்த வீடு சென்ற பெண்ணின் பெயர் பழைய ஊரிலேயே தங்கிவிடுவதும், புதிய ஊரில் சேராமல் போவதும் நம்மிடையே மிகுதி. அவள் எந்த ஊரிலும் வாக்களிக்காமலே ஆண்டுகள் பல கடந்துவிடுகின்றன. மறைந்த பெரியவர்களின் பெயரை நீக்கும்படி நாமே எழுதிக்கொடுக்க வேண்டும். இல்லையேல் அப்பெயரை வேறு எவரோ பயன்படுத்த இடம் தந்தவர்களாவோம். வீட்டிலிருந்தே வாக்களிக்கும் முதியவர்களுக்கு, உறையில் இட வேண்டிய கையொப்பங்கள் இடப்பட்டனவா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வளைகுடா நாடுகளில் பிழைப்போரின் பெயரைப் பட்டியலில் சேர்க்க 2010-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழிவகுத்தது. ஆயினும் நேரில் வந்தே வாக்களிக்க வேண்டும் என்பதே அதன் அமைப்பு. அவர்களுக்காக வேறு எவரும் போய் வாக்களிப்பது குற்றம் என்பதை வீட்டில் எல்லோர்க்கும் சொல்லி வையுங்கள். நம் பக்கத்து வெற்றி ஆனாலும், பொய் வாக்கால் வந்த வெற்றி வெற்றி ஆகாது.

தேர்தலோடு கடமை முடிந்துவிட்டது என்றும் எண்ண வேண்டா. நம் உறுப்பினர் மன்றத்திற்கு ஒழுங்காகச் செல்கிறாரா, நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் பற்றி ஒரு கேள்வியேனும் எழுப்பினாரா, முக்கியமான மசோதாவில் எந்தப் பக்கம் நின்றார் என்றெல்லாம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. திருமண வீட்டிற்கு வந்து கைகொடுத்துவிட்டுச் செல்பவரே நல்ல உறுப்பினர் என்று நாம் நினைக்கும் வரையில், மன்றத்தில் அவர் என்ன செய்கிறார் என்பது நமக்குத் தெரியாமலேயே போகும்.

1958-இல் இடைத்தேர்தல் கண்ட அதே தேவிகுளத்திலிருந்து 2021-இல் தேர்வான ஏ. ராஜா, கேரளச் சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி ஏற்றார். மலையாளம் ஒலிக்கும் மன்றத்தில் தோட்டத் தொழிலாளரின் மொழி ஒருவர் வாயிலாக ஒலித்தது. 140 பேர் நடுவே ஒருவர்தாம். ஆயினும் அவ்வொருவர் அங்கே இல்லையேல் அக்குரலும் அங்கே இல்லை.

ஓர் உறுப்பினரால் என்ன ஆகும் என்று இனிக் கேட்போர்க்கு 1982-ஐச் சொல்லுங்கள். ஒரு வாக்கினால் என்ன ஆகும் என்போர்க்குப் பெரிந்தல்மண்ணாவைச் சொல்லுங்கள். சட்டமன்ற இடம் என்பது மக்கள் ஒருவரிடம் ஒப்படைக்கும் அமானிதம். அதை ஒப்படைக்கும் நாளில் நாம் வீட்டில் உறங்கிவிட்டு, பின்னர் அது களவுபோயிற்று என்று புலம்புவதில் பயனில்லை.

சிந்திப்போம், அடுத்த தேர்தலுக்கு முன்பே செயற்படுவோம்.