செத்த கோடுக்கு எதுக்குய்யா வருஷா வருஷம் திவசம்?

பொட்டி தட்டுற நம்ம ஆளுங்களுக்கு ஒரு வியாதி உண்டு மக்களே. பழைய கோடு ஒண்ணைத் தூக்கலாம்னு எவனாவது வாயைத் திறந்தா போதும், "யாராவது எங்கயாவது யூஸ் பண்ணிட்டு இருப்பாங்கப்பா"ன்னு கிளம்பிடுவாங்க. யாருய்யா அந்த யாராவது? கேட்டா பதில் வராது.

விர்ச்சுவல் மெஷின் சமாச்சாரத்துல இந்த ஜல்லி ரொம்பவே ஜாஸ்தி. 2020-ல வந்த லினக்ஸ் 5.7-ல, 32 பிட் ஆர்ம் சில்லை ஹோஸ்ட்டா வச்சு கேவிஎம் ஓட்டுற வசதியைத் தூக்கினாங்க. இட்டானியத்துக்கான கேவிஎம் 2015-லயே போயிடுச்சு. இந்த மாதிரி சேதி வந்தா "ஐயோ, பழசை எல்லாம் கொல்றாங்க"ன்னு ஒரு ஒப்பாரி. அண்ணாச்சி, போனது வீடுதான், குடித்தனக்காரர் இல்லை. 32 பிட் கெஸ்ட், அதுக்கு இடம் கொடுக்கிற 64 பிட் சில்லுல இன்னைக்கும் ஜம்முனு ஓடும். இந்த வித்தியாசம் புரியாமலே பாதி சண்டை நடக்குது.

"சும்மா ஒரு ஓரமா கிடந்துட்டுப் போகட்டுமே, என்ன நஷ்டம்?"னு கேக்கறவங்களுக்கு ஒரே வார்த்தை: வெனம். 2015 மே மாசம் வெளிய வந்த ஓட்டை. இருந்த இடம் எது தெரியுமா? க்யூஎமுவோட ஃப்ளாப்பி கண்ட்ரோலர்! 2004-லேர்ந்து அங்கயே குந்தியிருந்துச்சு. அதே கோடை எடுத்துக்கிட்ட ஸென், விர்ச்சுவல்பாக்ஸ் எல்லாத்துக்கும் ஆப்பு. கெஸ்ட்டுக்குள்ள ரூட்டா இருக்கிறவன் கண்ட்ரோலருக்குக் கண்டபடி கட்டளை அனுப்பினா, பஃபர் வழிஞ்சு ஹோஸ்ட் பக்கம் ஓடுற ப்ராசஸுக்குள்ளயே கை வைக்கலாம். இதுல கூத்து என்னன்னா, நீங்க ஃப்ளாப்பி டிரைவே மாட்டலைன்னாலும் அந்தக் கண்ட்ரோலர் உள்ள உசுரோட இருக்கும். 11 வருஷம் ஒருத்தன் கண்ணுலயும் படலை. யார் பாப்பா? 2010-க்கு அப்புறம் ஃப்ளாப்பியைத் தொட்டவன் கையைத் தூக்குங்க பாப்போம்.

"அது கெஸ்ட்டுக்குக் காட்டுற சாதனம், ஹோஸ்ட் கோடு இல்லையே"ன்னு மடக்குவீங்க. சரிதான். பழைய ஹார்டுவேரைப் போலி பண்றதுதான் இந்தத் தொழிலே, அதைத் தூக்கச் சொல்லலை. வேணுங்கறவன் மட்டும் ஆன் பண்ணிக்கட்டும். ஆனா ஹோஸ்ட் பக்கத்து இஃப்டெஃப் குப்பைக்கு அந்தச் சாக்கும் கிடையாது. நான் முன்னாடி ஆணி புடுங்கின கம்பெனில ஒவ்வொரு பேட்ச்சையும் இன்னொரு பிளாட்பாரத்துக்காகத் தனியா எழுதணும். அந்த மெஷின் ஆபீஸ்லயே இல்லை! கம்பைல் ஆச்சா, ஆச்சு, மேல போ. இதுக்குப் பேரு சப்போர்ட்டாம்.

சொல்லாம கொள்ளாம வெட்டறது அயோக்கியத்தனம், ஒத்துக்கறேன். க்யூஎமு அப்படிப் பண்றதில்லை. காலாவதின்னு பட்டியல்ல போட்டு, ரெண்டு வெளியீடு பொறுத்துத்தான் கைவைக்கிறாங்க. அவ்ளோ நாள்ல வாயைத் திறக்காத "யாராவது"க்காக நான் ஏன் ராத்திரி உக்காந்து இஃப்டெஃப் எழுதணும்? அவ்ளோ பாசம்னா அந்த மெஷினை வாங்கி வச்சு, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் சோதிச்சு ரிசல்ட் அனுப்புங்க. முடியலையா, பழைய பதிப்பு கிட்ல அப்படியேதான் இருக்கு, எடுத்து ஓட்டிக்கங்க.