பாவா ஆதம் மலைக்கு எங்கட பிள்ளைகள் போகலாமா?



கொஞ்சம் நீண்ட பதிவு. பாடசாலை போகும் பிள்ளைகள் உள்ளவர்கள் பொறுமையாக வாசியுங்கள். கருத்து வேறுபாடு இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

போன சீசனில் எங்கள் பாடசாலையின் தரம் 11 ஆண் பிள்ளைகள் 22 பேரை பாவா ஆதம் மலைக்குக் கூட்டிப்போனோம். படங்களை இங்கே போட்டதும் நிறையப் பேர் மாஷா அல்லாஹ் சொன்னார்கள். ஆனால் ஊரில் நான் மதிக்கும் ஒரு பெரியவர் இன்பொக்ஸில் கேட்டார்: "சேர், மேல போனா விகாரைதானே. அங்க போய் முடியுற மலைக்கு எங்கட பிள்ளைகளக் கூட்டிப்போக வேண்டிய அவசியம் என்ன?" வேறு மூன்று நான்கு பெற்றோரும் இதையே வேறு வார்த்தைகளில் கேட்டார்கள். ஒரு வாப்பா கடைசி நேரத்தில் மகனை அனுப்பவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கேள்வி நியாயமான கேள்வி. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இந்த மலைக்குப் பிள்ளைகளோடு முதன்முதல் போனது 2012இல். ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிது. வழிகாட்டி கிடையாது, வகுப்பில் ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. பஸ் பிடித்தோம், பாட்டுப் போட்டோம், ஏறினோம். உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனை முறை மலை ஏறியிருக்கிறோமோ அத்தனை தடவை அதை அடிப்பது அங்குள்ள வழக்கம். எங்கட பிள்ளைகளுக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது. இரண்டு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து தடவை அடித்துச் சிரித்தார்கள். பக்கத்தில் வெள்ளைச் சேலை உடுத்த ஒரு வயதான சிங்களத் தாய் தன்னுடைய முறைக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அவர் ஏசவில்லை. "புதே" என்று சொல்லி ஒரு பிள்ளையின் கையைக் கயிற்றிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார். அவ்வளவுதான். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. பிள்ளைகள்மேல் பிழை இல்லை. சொல்லிக்கொடுக்காத என்மேல்தான் பிழை.

அதற்குப் பிறகு பல வருடங்கள் பிள்ளைகளை அந்தப் பக்கம் கூட்டிப்போகவில்லை. 2019 ஜனவரியில் ஹொரவப்பொத்தானைப் பக்கம் ஒரு புராதன தாதுகோபத்தின்மேல் ஏறி நின்று படம் எடுத்த எங்கட பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் கைதானது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். விளக்கமறியல், வழக்கு, நாடு முழுக்கப் பேச்சு. அந்தச் செய்தியைப் பார்த்த இரவு எனக்கு 2012தான் ஞாபகம் வந்தது. அந்தப் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இந்த நாட்டில் தாதுகோபம் என்றால் என்ன, சிலைக்கு முதுகைக் காட்டி செல்பி எடுத்தால் மற்ற மனிதனுக்கு எங்கே வலிக்கும் என்று நாங்கள் ஒரு பாடவேளைகூடச் சொல்லிக்கொடுக்கவில்லையே.

அதே வருடம் ஏப்ரலுக்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். பயத்தில் நாங்கள் இன்னும் ஒதுங்கினோம். ட்ரிப் என்றால் பூங்கா, கடற்கரை, நீர்வீழ்ச்சி. விகாரை இருக்கிற பக்கமே வேண்டாம். பிரச்சினை வராது என்று நினைத்தோம். ஆனால் இப்படி ஒதுக்கி வளர்த்த பிள்ளை நாளை பல்கலைக்கழகத்துக்கும் வேலைக்கும் போகும்போது ஒன்றும் தெரியாமல்தான் போய் நிற்கும்.

இப்போது மலைக்கு வருகிறேன்.

சிங்கள மக்களுக்கு அது ஸ்ரீபாத, சமனல கந்த. இந்துக்களுக்கு சிவனொளிபாதமலை. எங்களுக்கு பாவா ஆதம் மலை. உயரம் 2,243 மீற்றர். மேலே இருக்கிற காலடி ஆதம் நபியுடையதுதான் என்பதற்கு மார்க்கத்தில் உறுதியான ஆதாரம் இல்லை என்று எங்கட ஆலிம்கள் சொல்கிறார்கள். நான் அதை மறுக்கவில்லை. பிள்ளைகளுக்கும் அப்படியே சொன்னேன். ஆனால் முஸ்லிம்கள் அந்த மலையைத் தேடி நூற்றுக்கணக்கான வருடங்களாக வந்தார்கள் என்பது வரலாறு.

அந்த வரலாற்றில் எங்கட புத்தளத்துக்கும் பங்கு இருக்கிறது. 1344இல் இப்னு பதூதா இந்தத் தீவில் கரையிறங்கிய இடத்தைப் பத்தாலா என்று எழுதுகிறார். அது புத்தளம் என்றுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அங்கே அவரை வரவேற்றவர் ஆரியச் சக்கரவர்த்தி, தமிழ் மன்னர். அவருக்குப் பாரசீக மொழி விளங்கும். என்ன வேண்டும் என்று மன்னர் கேட்க, ஆதம் நபியின் காலடியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை என்கிறார் இப்னு பதூதா. மன்னர் என்ன செய்தார்? ஒரு பல்லக்குக் கொடுத்தார். வருடா வருடம் அந்த மலைக்குப் போய்வரும் நான்கு யோகிகளைக் கூட அனுப்பினார். மூன்று பிராமணர்கள், தன்னுடைய ஆட்கள் பத்துப் பேர், சாமான் தூக்கப் பதினைந்து பேர். சிலாபம் வழியாகப் போன அந்தக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். மொரோக்கோவிலிருந்து வந்த ஒரு காழி, முன்னால் யோகிகள் வழிகாட்ட, சிங்கள நாட்டுக்குள் மலை ஏறப் போகிறார்.

காட்டுவழியில் அட்டைகள் இருந்ததையும், எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து அவற்றை விழுத்தியதையும் அவர் எழுதியிருக்கிறார். பாறையில் பிடித்து ஏறச் சங்கிலிகள் இருந்தன. பத்தாவது சங்கிலிக்குப் பெயர் கலிமாச் சங்கிலி. அதில் நின்று கீழே பார்க்கிறவன் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கலிமா சொல்லுவானாம். இதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. போய் வந்த பிறகு அந்த இடத்தில் யார் யார் கலிமா சொன்னது என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லமாட்டேன்!

இன்னொரு கதையும் அவர் சொல்கிறார். அவருக்குப் பல காலம் முன்னர் ஷீராஸ் நகரத்து ஷெய்க் இப்னு கஃபீஃப், முப்பது பக்கீர்மாரோடு அந்தக் காட்டில் வழி தவறிவிட்டார். பசி தாங்காமல் ஒரு யானைக்குட்டியைப் பிடித்துத் தின்ன மற்றவர்கள் கேட்டார்கள். ஷெய்க் தடுத்தார். அவர்கள் கேட்கவில்லை. இரவில் யானைகள் வந்து ஒவ்வொருவரையும் மணந்து பார்த்துக் கொன்றன. தின்னாத ஷெய்கை மட்டும் ஒரு யானை முதுகில் ஏற்றிக்கொண்டுபோய் ஊருக்குள் விட்டது. அன்றிலிருந்து இந்த நாட்டு மக்கள் முஸ்லிம் பயணிகளை மதித்து வீட்டுக்குள் எடுத்தார்கள் என்று எழுதுகிறார். நடந்ததோ இல்லையோ, கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். அந்த முப்பது பேரில் மரியாதை தேடித்தந்தவர் யார்? போன இடத்தில் கையை அடக்கிக்கொண்ட அந்த ஒருவர்தானே.

இவ்வளவையும் இரண்டு வாரம் வகுப்பில் பேசிய பிறகுதான் பஸ் ஏறினோம். குருணாகல், கண்டி, ஹட்டன், மஸ்கெலியா தாண்டி நல்லதண்ணிக்குப் பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். இந்தத் தடவை வழிகாட்டி ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன். மலையகத் தமிழ் இளைஞர், தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். சிறு வயதிலிருந்து எத்தனை தடவை ஏறினார் என்று அவருக்கே கணக்கில்லை.

"படி கட்டியிருக்கு, சீசன்ல லைட்டும் எரியுது, பிறகு எதுக்கு வழிகாட்டி?" என்று கேட்டவர்களும் உண்டு. சிங்கள மக்கள் அந்த மலைக்குக் கூட்டமாகப் போகும்போது, பலமுறை ஏறிய ஒருவரை முன்னால் விட்டுத்தான் போவார்கள். அவருக்கு நடே குரா என்று பெயர். எங்கே கை கால் கழுவ வேண்டும், எங்கே என்ன பேசக்கூடாது, முதன்முறை வருகிறவன் எப்படி நடக்க வேண்டும் என்று அவர்தான் சொல்வார். அவர்களே அப்படிப் போகும்போது, ஒன்றும் தெரியாத நாங்கள் தனியாக ஏறலாமா? மன்னர் இப்னு பதூதாவோடு யோகிகளை அனுப்பியதும் இதற்காகத்தானே.

இரவு ஒரு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். அந்தப் பாதையில் சுமார் 5,500 படிகள். வழிகாட்டி முன்னால், நான் கடைசியில். அவர் போட்ட சட்டம் மூன்றுதான். ஓடக்கூடாது. "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்கக்கூடாது. எதிரில் வருகிறவர் "கருணாவயி" என்றால் திருப்பிச் சொல்ல வேண்டும். யாத்திரிகர்கள் ஒருவரையொருவர் வாழ்த்தும் சொல் அது, கருணை என்ற அர்த்தம்தான்.

பாதி வழியில் பேரனோடு இறங்கி வந்த ஒரு சிங்களப் பெரியவர் எங்கட பிள்ளைகளைப் பார்த்துக் "கருணாவயி" என்றார். முன்னால் போன ஏழெட்டுப் பேரும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். மனுஷன் நின்றுவிட்டார். எந்த ஊர் என்று கேட்டார். புத்தளம் என்றதும் பையைத் திறந்து கித்துல் கருப்பட்டியை உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே சுபஹு நேரம் வந்தது. தேத்தண்ணிக் கடையொன்றில் தொழ இடம் கேட்டேன், தயங்கித்தான் கேட்டேன். கடைக்காரர் இரண்டு வாங்குகளைத் தூக்கி ஓரமாக வைத்து, படங்கு ஒன்றை விரித்துத் தந்தார். ஐஸ் போன்ற தண்ணீரில் வுழூ செய்தோம். இடம் சிறியது, இரண்டு ஜமாஅத்தாகத் தொழுதோம். வீட்டில் சுபஹுக்கு எழுப்பப் பத்துத் தடவை கூப்பிட வேண்டிய பிள்ளைகள், 2,000 மீற்றருக்கு மேலே நடுங்கிக்கொண்டு ஸஃபில் நின்றார்கள்.

மேலே சப்பாத்தைக் கழற்றினோம், குளிருக்குப் போட்ட தொப்பியையும் எடுத்தோம். காலடி இருக்கிற இடத்துக்கு வழிபட வரிசையில் நிற்கிறவர்களுக்கு இடம் விட்டு ஓரமாக நின்றோம். யாரும் எதையும் வணங்கவில்லை, பூ வைக்கவில்லை, யாரும் எங்களை வற்புறுத்தவும் இல்லை. சூரியன் எழும்பியதும் மறுபக்கம் மலையின் நிழல் முக்கோணமாக விழுந்தது. சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னான் ஒருவன்.

மணியை நாங்கள் அடிக்கவில்லை. அது அவர்களின் யாத்திரையோடு சேர்ந்தது. ஒரு வயதானவர் வந்து கயிற்றைப் பிடித்தார். எங்கட பிள்ளைகள் சத்தமில்லாமல் விரல் மடக்கி எண்ணினார்கள். முப்பத்தொன்று. அவர் இறங்கிப் போகும்போது அவர்களாகவே வழி விட்டார்கள்.

ஹாஜியார், உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். நாங்கள் வணங்கப் போகவில்லை, பார்க்கவும் பழகவும் போனோம். பூமியில் பயணம் செய்து பார்க்கச் சொல்லும் மார்க்கம் எங்களுடையது. ஈமான் உள்ள பிள்ளை விகாரைக்குப் பக்கத்தில் நின்றதால் ஈமானை இழக்கமாட்டான். ஆனால் பக்கத்தில் எப்படி நிற்பது என்று தெரியாவிட்டால், அவன் ஒருவன் செய்யும் பிழைக்கு ஊரே பதில் சொல்ல வேண்டி வரும். அதை நாங்கள் ஒருமுறை பார்த்துவிட்டோம்.

போகிறவர்களுக்கு அனுபவத்தில் சில வார்த்தைகள்:

சீசன் மார்கழி மாத உந்துவப் போயாவில் தொடங்கி வெசாக் போயாவோடு முடியும். போயா நாளிலும் சனி ஞாயிறிலும் போகாதீர்கள். சன நெரிசலில் பிள்ளைகளைக் கட்டுப்படுத்த முடியாது, யாத்திரை வருகிறவர்களுக்கும் நாங்கள் இடைஞ்சல்.

அந்தப் பகுதி ஆளையே வழிகாட்டியாகப் பிடியுங்கள். கூலியைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். தோட்டக் குடும்பங்களின் நிலைமை உங்களுக்குத் தெரியும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கஷ்டம். இழுப்பு, இருதய நோய் உள்ள பிள்ளைகளை டொக்டரிடம் கேட்காமல் அனுப்ப வேண்டாம்.

கொண்டுபோன பொலித்தீன், போத்தல் எல்லாம் திரும்பி வர வேண்டும். எங்கட பிள்ளைகள் ஆளுக்கொரு பை கொண்டுபோய், தங்கட குப்பையோடு வழியில் கிடந்ததையும் பொறுக்கி வந்தார்கள்.

கடைசியாக ஒன்று. திரும்பி வந்த திங்கட்கிழமை அதே வகுப்புப் பெண் பிள்ளைகள் என் மேசைக்கு வந்து, "இப்னு பதூதாவ எங்களுக்கும்தானே படிப்பிச்சீங்க, பிறகு ஏன் சேர் எங்கள விட்டுட்டுப் போனீங்க?" என்று கேட்டார்கள். என்னிடம் சரியான பதில் இல்லை. பெண் ஆசிரியைகள் இருவர் வரத் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள். அது போதாது, உம்மாமாரும் சேர்ந்து வர வேண்டும். அடுத்த சீசனுக்கு வரக்கூடிய உம்மாமார் இப்போதே எனக்கோ வகுப்பாசிரியைக்கோ சொல்லுங்கள். ஆறு பேர் சேர்ந்தால், இன்ஷா அல்லாஹ், அதிபரிடம் பேசி வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் கொடுக்கிறேன்.

மகனை அனுப்பாத அந்த வாப்பாவுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மகனோடு நீங்களும் வாருங்கள். எங்களோடு ஏறிப் பாருங்கள். பிழை கண்டால் அங்கேயே சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

வஸ்ஸலாம்.