மொய் எழுத ஒருவர் போதும்!

லீவில் சிறுவாச்சூருக்குப் போகும்போதெல்லாம், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி வீட்டிலேயே ஜாவா படிக்கும் மாணவர்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். "அண்ணா, ஸ்பிரிங் பாடத்தில் ஆஸ்பெக்ட் ஓரியன்டட் புரொகிராமிங் என்று ஒரு பகுதி வருகிறதே, அதைப் படித்தே ஆக வேண்டுமா? இன்டர்வியூவுக்கு நாலு வரி மனப்பாடம் செய்தால் போதாதா?"

போதாது என்பதே என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

அப்படி என்றால் என்ன?

ஒரு கல்யாண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சமையல்காரர் சமைக்கிறார். மேளக்காரர் வாசிக்கிறார். மொய் எழுத மட்டும் பந்தல் வாசலில் ஒருவர் நோட்டுடன் உட்கார்ந்திருக்கிறார். "ஆளுக்கொரு நோட்டு தருகிறேன், எல்லோரும் மொய் எழுதுங்கள்" என்று சொன்னால் என்ன ஆகும்? சாம்பாரும் தீய்ந்து போகும், மொய்க் கணக்கும் குழம்பிப் போகும்.

பெரிய நிறுவனங்களின் சாப்ட்வேரிலும் இதே சிக்கல்தான். பணம் போடுவது, எடுப்பது, கடன் தருவது எல்லாம் தனித்தனிப் பகுதிகள். ஆனால் யார் செய்தார், அவருக்கு அனுமதி உண்டா, பாதியில் நின்றால் முழுவதையும் ரத்து செய்ய வேண்டுமா என்ற வேலைகள் எல்லாப் பகுதிக்கும் பொது. இவற்றை ஒரே இடத்தில் எழுதி, தேவையான இடங்களில் எல்லாம் தானாக இயங்க வைப்பதே இந்த முறை. தனியாக எழுதிய பகுதிக்கு ஆஸ்பெக்ட் என்று பெயர். எங்கெங்கே இயங்க வேண்டும் என்று சொல்வது பாயின்ட்கட். என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது அட்வைஸ்.

இந்த முறையை உருவாக்கியது அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடம். மவுஸால் இயக்கும் ஜன்னல் திரையுடன் கூடிய ஆல்ட்டோ கம்ப்யூட்டர் பிறந்ததும் அங்கேதான். கிரிகோர் கிக்சாலெஸும் அவர் குழுவினரும் 1997ல் இதை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஜாவாவுக்கான ஆஸ்பெக்ட்ஜே அவர்களிடமிருந்தே வந்தது. 2004ல் வெளியான ஸ்பிரிங் 1.0, இதைச் சாதாரண புரொகிராமர்களின் கைக்குக் கொண்டுவந்தது.

நம் நாட்டில் இதற்கு என்ன வேலை?

கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனங்களின் கணக்கு சாப்ட்வேர், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவை யாரும் நிறுத்தி வைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும். இந்த விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு சாப்ட்வேரில் 500 இடங்களில் கணக்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 500 இடங்களிலும் கையால் எழுதினால், ஏதாவது ஓர் இடம் விட்டுப்போகும். விட்டுப்போன இடம்தான் தில்லுமுல்லுக்கு வாசல். ஆஸ்பெக்ட் ஒன்றை எழுதினால் வேலை சுலபம்.

ஆனால் ஓர் ஆபத்து!

மொய் மேஜை வாசலில் இருக்கிறது. கொல்லைப்புறமாக வந்த உறவினர் மேஜையைக் கடக்கவே இல்லை என்றால், அவர் பெயர் நோட்டில் ஏறுமா? ஸ்பிரிங்கிலும் அப்படியே. அது உங்கள் ஆப்ஜெக்ட்டுக்கு முன்னால் பிராக்ஸி என்ற ஒரு காவலாளியை நிறுத்துகிறது. வெளியிலிருந்து வரும் அழைப்பு அவரைக் கடந்துதான் உள்ளே போகும். அதே கிளாஸுக்குள் ஒரு மெத்தட் இன்னொன்றை நேரடியாக அழைத்தால் அவருக்குத் தெரியாது. பதிவு நடக்காது. எரர் எதுவும் வராது. பணப் பரிமாற்றத்துக்கான டிரான்சாக்‌ஷன் குறிப்பை அந்த உள் மெத்தட்டின் மேல் மட்டும் எழுதியிருந்தால், அதுவும் வேலை செய்யாது. ஒரு கணக்கில் பணம் கழிந்து, அடுத்ததில் சேர்வதற்குள் கோளாறு வந்தால், நஷ்டம் யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு. குறிப்பின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இது கடைசி வரை பிடிபடாது.

என் யோசனை

முதலில் ஜாவாவையும் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் முறையையும் நன்றாகப் படியுங்கள். அடுத்து ஜாவாவிலேயே உள்ள பிராக்ஸி வசதியை வைத்து ஒரு சின்ன புரொகிராம் எழுதுங்கள். அதன் பிறகு ஸ்பிரிங்கின் ஆஸ்பெக்ட்டுக்கு வாருங்கள். பதிவு, அனுமதி, டிரான்சாக்‌ஷன் போன்ற பொது வேலைகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். வட்டிக் கணக்கை ஆஸ்பெக்ட்டில் ஒளித்து வைத்தால், அடுத்து வரும் புரொகிராமர் அதைத் தேடியே களைத்துப்போவார்.

இதற்காகப் பெரிய தொகை கட்டிப் படிக்க வேண்டியதில்லை. ஜாவா, எக்லிப்ஸ், ஸ்பிரிங், ஆஸ்பெக்ட்ஜே எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கிளாஸில் இரண்டு மெத்தட் எழுதி, இரண்டுக்கும் பதிவு செய்யும் ஆஸ்பெக்ட்டைப் பொருத்துங்கள். முதல் மெத்தட்டுக்குள்ளிருந்து இரண்டாவதை அழையுங்கள். ஸ்பிரிங்கின் பிராக்ஸி முறையில் பதிவு ஒன்றுதான் வரும். ஆஸ்பெக்ட்ஜே கம்பைலரில் நெய்து ஓட்டினால் இரண்டும் வரும். ஏன் இந்த வித்தியாசம் என்று உங்கள் வீட்டாருக்குப் புரியும்படி சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால், எந்த இன்டர்வியூவுக்கும் தைரியமாகப் போகலாம்.