கூவமும் கடலோர ஏழைகளும்

2019-ம் வருஷம் ஜூலை மாதம் 12-ந் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லக்ஷம் லிட்டர் தண்ணீரைச் சுமந்து வந்த ரயில், ஆவடியையும் அம்பத்தூரையும் தாண்டி வில்லிவாக்கத்தில் வந்து நின்றது. செம்பரம்பாக்கம் ஏரி அப்பொழுது வறண்டு கிடந்தது. பக்கத்திலே கடல் இருந்தும், தலைநகரம் சுமார் 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து தண்ணீர் தருவித்துக் குடிக்க நேர்ந்தது.

கடல் நீரைக் குடிநீராக்குவதே இதற்குப் பரிகாரம் என்பது சர்க்கார் கண்ட வழி. காட்டுப்பள்ளியில் 2010-லும், நெம்மேலியில் 2013-லும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரவல்ல ஆலைகள் ஏற்பட்டன. நெம்மேலியிலேயே 2024-ல் 15 கோடி லிட்டர் ஆலையொன்றும் சேர்ந்தது. இவை வேண்டியவையே. ஆயினும் உப்பு நீரைச் சவ்வின் வழியே அழுத்திப் பிழிவதற்கு, ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 3, 4 யூனிட் மின்சாரம் செலவாகிறது. நமது மின்சாரத்தில் கணிசமான பங்கு நிலக்கரியை எரித்துப் பெறுவது. அந்நிலக்கரியின் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து, மீனவர் பிழைப்பைக் கெடுத்திருக்கிறது. ஊராருக்குத் தண்ணீர் கொடுக்க ஏழையின் நீரைக் கெடுப்பது என்ன நியாயம்?

கடலோர ஏழைகளின் சுகாதாரத்துக்கும் கடலுக்குத் தொலைவிலுள்ள ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிக்கும் சம்பந்தமென்ன என்று சிலர் கேட்கலாம். கூவமே அதற்கு விடை. பருத்திப்பட்டு, திருவேற்காடு வழியாக வரும் அந்நதி, பாதாளச் சாக்கடை எட்டாத மேற்குப் புறநகர்த் தெருக்களின் கழிவையும் வாங்கிக்கொண்டு, நேப்பியர் பாலத்தருகே கடலில் கலக்கிறது. கடற்கரைக் குப்பங்களில் வசிப்போர் நாம் கழித்ததன் நடுவே வலை வீசுகிறார்கள். மேற்கே சாக்கடையைச் சீர்ப்படுத்தாமல், கிழக்கே கக்கூஸ் கட்டிக் கொடுப்பதால் மட்டும் வியாதி தீராது.

இதற்கு மார்க்கம் நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது. கோயம்பேடு, கொடுங்கையூர் முதலிய இடங்களில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும்பொழுது கிடைக்கும் சாண எரிவாயு போன்ற வாயுவைக்கொண்டு மின்சாரம் உண்டாக்கி, அந்நிலையங்களையே ஓட்டியிருக்கிறார்கள். கோயம்பேட்டில் 2019-ல் ஏற்பட்ட மற்றோர் ஆலை, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மீண்டும் தூயதாக்கி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு அனுப்புவதற்காக நிறுவப்பட்டது. கடல் நீரைக்காட்டிலும் உப்புக் குறைந்த இந்நீரைப் பிழிய மின்சாரமும் குறைவாகவே வேண்டும்.

ஆகவே நாம் கோருவது இது: ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் வீடுதோறும் சாக்கடை இணைப்பு முடியவேண்டும், சுத்திகரிப்பு நிலையங்கள் தம் வாயுவாலும் சூரிய சக்தியாலும் இயங்கவேண்டும், அங்கே தூயதாகும் நீர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குப் போகவேண்டும். அதனால் மிச்சமாகும் ஏரி நீரைக் குப்பங்களுக்குக் குழாய் மூலம் கொடுக்கவேண்டும். லாரி வரும் வேளைக்காகக் குடத்துடன் பெண்கள் காத்து நிற்கும் அவமானம் ஒழியவேண்டும்.

பணம் ஏது என்ற ஆட்சேபம் கிளம்பும். யுத்த காலத்தின் நெருக்கடியிலும் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தது. மேயர் ஸ்ரீ சத்தியமூர்த்தியின் முயற்சியால் 1940-ல் அஸ்திவாரமிட்ட அவ்வேலை, 1944-ல் முடிந்தபோது அவர் உயிருடன் இல்லை. அடிமை நாட்டில் கைகூடியது சுதந்திர நாட்டில் முடியாதென்பது பொருந்தாது. கழிவு வாயுவும் வெயிலும் நமக்கு விலையின்றிக் கிடைப்பவை. யந்திரம் வாங்கும் முதல் செலவுதான் பெரிது.

ஊழியர்கள் இதைத் தத்தம் வட்டத்தில் பிரசாரம் செய்யவேண்டும். வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும், உங்கள் தெருச் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரியாதவருக்கு நகரசபையில் இடமில்லை என்பதை ஜனங்கள் காட்டட்டும்.