ராஜா கதை போதும்!



நமது ஜனக்புரி ஞாயிறு வகுப்பில் சென்ற வாரம் நாலாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மூவேந்தர் பெயரையும் கொடியையும் தலைநகரையும் கடகடவென்று ஒப்பித்தான். எல்லோரும் கைதட்டினோம். "உன் தாத்தா ஏன் தில்லிக்கு வந்தார்?" என்று கேட்டேன். விழித்தான். அவனைப் பெற்றவர்களும் விழித்தார்கள்! குற்றம் பிள்ளையுடையதா?

மத்தியப் பாடத்திட்டத்தில் ஐந்தாம் வகுப்பு வரை வரலாறு தனிப்பாடம் இல்லை. சுற்றுப்புறப் பாடத்தோடு சேர்ந்து போகிறது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய நாமோ ராஜா கதை சொல்லி அனுப்புகிறோம். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் சுட்டுக் கொல்லப்பட்ட 5 ரயில்வே தொழிலாளர்களைப் பற்றி எந்தப் பிள்ளைக்குச் சொன்னோம்?

"சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் புரியுமா?" என்கிறார்கள். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று எட்டு வயதுப் பிள்ளை நாளுக்கு நூறு தடவை கேட்கிறதே, அதுதான் ஐயா வரலாற்றின் முதல் கேள்வி! கீழடியில் கிடைத்த கரித்துண்டைச் சோதித்துக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று 2019இல் அறிவித்தார்கள். அந்தப் பெருமையை மேடையில் முழங்குகிறோம். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைப் பிள்ளைக்குச் சொல்வதில்லை.

இது வெறும் ஏட்டுச் சங்கதி என்று நினைக்காதீர்கள். 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரத்து மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். பல பத்தாண்டுகளாக வாழ்ந்த நம் மக்கள். மாற்று வீடு யாருக்கு? 2015 ஜனவரி 1க்கு முன்பே குடியிருந்ததைக் காகிதத்தால் மெய்ப்பித்தவர்களுக்கு; அதுவும் எங்கோ நரேலாவில்! மற்றவர்கள் மூட்டை முடிச்சோடு தெருவில் நின்றார்கள். வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்த கைகள் சாட்சியாகவில்லை, காகிதம்தான் சாட்சியானது. ஏழையின் வாழ்வை எந்த அரசும் தானாக எழுதி வைக்காது. நாம்தான் எழுத வேண்டும். எழுதவும் காக்கவும் பிள்ளைக்குச் சிறு வயதிலேயே பழக்க வேண்டும்.

ஆகவே சொல்கிறேன்: வரும் ஞாயிறு ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலுள்ள ஒரு பழைய காகிதத்தைக் கொண்டு வரட்டும். ரேஷன் கார்டு, ஊர்க் கடிதம், மின்சார ரசீது, எதுவானாலும் சரி. யாருடையது, எந்த ஆண்டு, எப்படித் தெரியும் என்று எழுதட்டும். பாட்டியிடம் உட்கார்ந்து, எந்த ஊரிலிருந்து, யாரோடு, எதற்காக ரயிலேறினாள் என்று கேட்டு எழுதட்டும்.

மூவேந்தரை வேண்டாமென்று சொல்லவில்லை. அவர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது, காத்திருப்பார்கள். பாட்டிக்கு நம் பிள்ளையின் நோட்டுப் புத்தகம்தான் கல்வெட்டு. அவள் காத்திருக்க மாட்டாள்!