பத்து வெள்ளியில் வந்த தோட்டம்

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் வழியில், பால்மரம் நின்ற இடங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதியாகவும் செம்பனையாகவும் மாறிவிட்டன. “தோட்டம் போச்சு” என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவதைக் கேட்டிருப்பீர்கள். தோட்டம் கைவிட்டுப் போகாமல் காக்க முடியும் என்று நம் தொழிலாளர்களே செய்து காட்டிய காலம் ஒன்று உண்டு. வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை அது.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்று லாபம் பார்த்தார்கள். இதுவே தோட்டத் துண்டாடல். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஸிஸ் ஆராய்ந்து அறிக்கை தந்தார். தோட்டம் துண்டானதும் வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும், பிள்ளைகள் படித்த பள்ளியும், கும்பிட்ட கோயிலும் ஆட்டம் கண்டன.

மண்ணுக்கும் அதனால் கேடுதான். ரப்பர் நட்டால் பால் வெட்ட ஐந்தாறு ஆண்டுகள் பொறுக்க வேண்டும். இருபத்தைந்து, முப்பது ஆண்டானால் மறுநடவு. மேட்டு நிலத்தில் படி வெட்டி, மழைநீருக்குக் குழி எடுத்து, நிரைகளுக்கு நடுவே மூடுபயிர் போட வேண்டும். ஆரம்ப காலத்துத் துரைமார் புல் பூண்டு இல்லாமல் தரையை வழித்துப் போடச் சொன்னார்கள். மழை மேல்மண்ணை ஆற்றுக்குக் கொண்டு போயிற்று. பிறகே அவரை இனக் கொடிகளைப் படரவிட்டார்கள். அவை மண்ணைப் பிடித்து வைக்கும், தழைச்சத்தும் தரும். இதற்கெல்லாம் பொறுமையும் முதலும் வேண்டும். கடன்பட்டுச் சிறு துண்டு வாங்கியவன் அவ்வளவு காலம் எப்படிப் பொறுப்பான்? இருக்கிற மரத்தில் கிடைக்கிற பாலைத்தான் பார்ப்பான்.

இந்த நிலையில் முன்வந்தவர் சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் வீ.தி. சம்பந்தன். ரப்பர் தோட்டக் குடும்பத்துப் பிள்ளை, அப்போது அமைச்சர். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு நூறு வெள்ளி. ஒரே தடவையில் கட்ட ஏழைக்கு ஏது வழி? பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்றார். நாட்கூலி ஒரு சில வெள்ளியே கிடைத்த காலத்தில் அந்தப் பத்து வெள்ளியும் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணந்தான். அவரும் துணைவியார் உமா சம்பந்தனும் தோட்டம் தோட்டமாகப் போய் ஆள் சேர்த்தார்கள். 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் சொத்தாயிற்று. அடுத்தடுத்துப் பிற தோட்டங்களும் வந்தன. 1973இல் ம.இ.கா. தலைமையை விட்ட பிறகும் சங்கப் பணியை அவர் விடவில்லை. 1979இல் மறையும் வரை அதற்கே உழைத்தார்.

அவர் தொழிலாளிக்குத் தர்மம் கேட்டு எவர் வாசலிலும் நிற்கவில்லை. தொழிலாளியிடமே பணம் கேட்டு, அவனையே நிலத்துக்குச் சொந்தக்காரன் ஆக்கினார். தலைவன் நிலத்தை மற்றவர்களுக்காகக் காத்து வைத்திருப்பவன். கணக்குக் கேட்கும் கடமையோ உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் உண்டு. “ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்” என்பார்கள். வடத்தைத் தொட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் தேர் நிலைக்கு வருமா?

புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் இன்று இருக்கும் எத்தனையோ வீடுகளில், தாத்தாவோ பாட்டியோ கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பங்குப் பத்திரம் தகரப் பெட்டிக்குள் கிடக்கக்கூடும். இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். உயிரோடு இருப்பவர் என்றால் வாரிசு பெயரைப் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். காலமாகியிருந்தால் இறப்புப் பத்திரத்தோடு சங்க அலுவலகத்துக்குப் போய் விசாரியுங்கள்.

பங்கு உங்கள் பெயருக்கு வந்தபின் லாப ஈவை மட்டும் வாங்கிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். கூட்டுறவில் எத்தனை பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். கூட்ட அறிவிப்பு வந்தால் போங்கள். நம் நிலம் எத்தனை ஏக்கர், எவ்வளவு மறுநடவு ஆயிற்று, விற்கும் பேச்சு உண்டா என்று மரியாதையாக, ஆனால் தயங்காமல் கேளுங்கள். நம் பெரியவர்கள் பத்து வெள்ளி கட்டியது இந்த உரிமைக்கும் சேர்த்துத்தான்.